மூட்டு வாதத்திற்குக் கைவைத்தியம்: பயனும் எல்லையும்

எமது ஆலயத்திற்கு முதன்முதலாகப் பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கியபோது பன்னிரண்டு கதிரைகளே வாங்கினோம். திருவிழாவுக்கு வரும் விருந்தினருக்கும் நாதஸ்வரக் கோஷ்டியினருக்கும் அவை போதுமாக இருந்தன. இன்று பொருட் பதிவேட்டில் கதிரைகளின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பூசையில் அவற்றில் ஒன்றுகூட வெறுமையாக இருப்பதில்லை. அவற்றில் அமர்ந்திருப்பவர்கள் விருந்தினர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்வரை அம்பாள் சந்நிதியில் அஷ்டாங்க நமஸ்காரமும் பஞ்சாங்க நமஸ்காரமும் குறைவின்றிச் செய்த எமது தந்தைமாரும் தாய்மாருமே அவர்கள்.

கண்டியைச் சூழ்ந்த எமது ஊர்களில் சமதரை என்பது அபூர்வம். வீட்டுக்கும் படி, வீதிக்கும் படி, கோயிலுக்கும் படி. முப்பது நாற்பது வருடங்கள் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலைச்சரிவில் ஏறி இறங்கிய முழங்கால்கள் அறுபது வயதில் வலிக்கின்றன என்றால் அதில் வியப்பில்லை. மார்கழி தை மாதக் குளிரில் அவ்வலி இன்னும் கூடும். பூசை முடிந்து மண்டபத்தில் அமர்ந்தால் பேரப்பிள்ளைகளைப் பற்றிய பேச்சு முதலில் வரும். அடுத்தது முழங்காலைப் பற்றியது. ஒருவர் முடக்கொத்தான் இரசம் என்பார். இன்னொருவர் நொச்சி ஒத்தடம் என்பார். மூன்றாமவர் தமக்குத் தெரிந்த ஒருவர் விற்கும் சூரணத்தைச் சொல்வார். இவற்றில் எது எதற்குப் பயன்படும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இம்மலரின் வாயிலாக அடியார்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். ஆயுர்வேத வைத்தியர்களிடமும் ஆங்கில வைத்தியர்களிடமும் கேட்டறிந்ததையும், வாசித்தறிந்ததையும், எமது வீட்டில் நடந்த ஒன்றையுமே எழுதுகிறேன்.

வளவில் நிற்கும் மருந்துகள்

முதலில் நொச்சி. எமது சிங்களச் சகோதரர்கள் இதனை ‘நிக்க’ என்பார்கள். தமிழருக்கும் சிங்களவருக்கும் வாதத்திற்கு முதலில் நினைவுக்கு வரும் இலை இதுவே. கைப்பிடி இலையைக் கசக்கி வேப்பெண்ணெயிலோ ஆமணக்கெண்ணெயிலோ வதக்கி, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது ஒரு முறை. இலையைப் போட்டு நீரைக் கொதிக்க வைத்து, இளஞ்சூட்டில் மூட்டின்மேல் ஊற்றுவது மற்றொரு முறை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், முற்றிய பச்சை நொச்சி இலையின் நீர்ச்சாறு எலிகளில் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாகக் கண்டார்கள். எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எம் பாட்டிமார் வெறும் நம்பிக்கையால் மட்டும் இதைக் கைக்கொள்ளவில்லை என்பது தெரிகிறது. இலை ஒருபுறமிருக்க, சூடும் தடவலுமே வலியைத் தணிக்கும். தவிட்டு ஒத்தடமும் உப்பு ஒத்தடமும் சுகம் தருவது அதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீரிழிவு பல வருடங்களாக உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, விரலை இழந்தவர்கள் உண்டு. ஆகவே ஒத்தடத்தின் சூட்டை நீரிழிவு இல்லாத இன்னொருவர் தமது முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துக் கொடுப்பதே முறை. எருக்கிலையை வாட்டிக் கட்டுபவர்கள் அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோலையும் அது புண்ணாக்கும். சேங்கொட்டையை வீட்டில் தொடவே வேண்டாம். அதைச் சுத்தி செய்யும் முறை படித்த வைத்தியருக்குரியது. நமக்கு மிஞ்சுவது கொப்புளம் மட்டுமே.

அடுத்தது முடக்கொத்தான். முடக்கு அறுத்தான் என்பதே முடக்கறுத்தானாகி முடக்கொத்தானாயிற்று என்பார்கள். சிங்களத்தில் ‘வெல் பெனெல’. வேலியில் தானாகப் படரும். பலூன் போன்ற காய் காய்க்கும். மிளகு, சீரகம், உள்ளி தட்டிப் போட்டு இரசமாக வைத்தால் வாய்க்கும் நன்று. அரைத்து மாவில் கலந்து தோசையாகவும் சுடலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் உணவாக உண்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. அளவு மிஞ்சினால் வயிற்றோட்டம் வரும். ‘மருந்துதானே’ என்று ஒரு கட்டு இலையைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, அடுத்த நாள் பூசைக்கு வர முடியாமற் போனவரை எமது சபையிலேயே நான் அறிவேன். பிரண்டைத் துவையலும் அப்படியே. உணவாக இருக்கும்வரை நல்லது.

மஞ்சளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் மஞ்சளைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. தாய்லாந்தில் முழங்கால் தேய்வுள்ள 367 நோயாளரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2014 இல் வெளிவந்தது. நான்கு வாரங்களுக்கு ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சட் சத்தும், மற்றப் பகுதியினருக்கு 1,200 மில்லிகிராம் ஐபுபுரூபன் என்ற வலிநிவாரணியும் கொடுத்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. மஞ்சள் உட்கொண்டவர்களுக்கு வயிற்று உபாதை குறைவாக இருந்தது. இச்செய்தியைக் கேட்டவுடன் எல்லோரும் பாலில் மஞ்சள் கலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தே பழகிய நான் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆய்வில் கொடுத்தது சமையல் மஞ்சள் அல்ல; குர்க்குமின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சத்து. சமையல் மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே உண்டு. ஆய்வில் கொடுத்த அளவைச் சமையல் மஞ்சளில் பெற வேண்டுமாயின், நாளொன்றுக்குப் பத்துத் தேக்கரண்டிக்கும் மேல் உண்ண வேண்டும். அப்படி யாரும் உண்ண முடியாது, உண்ணவும் கூடாது.

மஞ்சளோடு மிளகு சேர்க்கும் எமது வழக்கத்திற்குக் காரணம் இருக்கிறது. மிளகிலுள்ள பிப்பரின் சேரும்போது குர்க்குமின் உடலில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாகப் பெங்களூரில் செய்யப்பட்டு 1998 இல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்தளை மிளகை மஞ்சட் பாலில் தட்டிப் போட்ட பாட்டிக்கு பிப்பரின் என்ற பெயர் தெரியாது. கைப்பழக்கம் தெரிந்திருந்தது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் ஒரு கிலோ மஞ்சள் பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியது. அக்காலத்தில் மா கலந்த மஞ்சள் தூள் சந்தையில் பிடிபட்ட செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி, அவித்து, காய வைத்து இடிப்பதே உத்தமம்.

இஞ்சிக்கும் சிறிது சான்று உண்டு. முழங்கால் தேய்வுள்ள 261 பேரிடம் அமெரிக்காவில் ஆறு வாரங்கள் நடத்தி 2001 இல் வெளியிட்ட ஆய்வில், இஞ்சிச் சத்து உட்கொண்டோரில் நூற்றுக்கு 63 பேருக்கு வலி குறைந்தது. வெறும் மாத்திரை உட்கொண்டோரிலும் நூற்றுக்கு 50 பேருக்குக் குறைந்தது! இந்த இரண்டாவது எண்ணையே நாம் கவனிக்க வேண்டும். மருந்தே இல்லாத மாத்திரையிலும் பாதிப் பேருக்குச் சுகம் தெரிகிறது. மூட்டு வலி தானாகக் கூடிக் குறையும் இயல்புடையது. குறையும் நாளில் எதைச் சாப்பிட்டோமோ அதற்கே பெயர் போய்ச் சேர்கிறது.

என் சொந்த முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கதிரையில் இருந்ததன் பலனாக எனக்கு உடல் பருத்தது. இரண்டு முழங்காலிலும் தேய்வு. நொச்சி ஒத்தடம் இன்றுவரை கொடுக்கிறேன். அன்றிரவு நன்றாக உறங்குகிறேன். ஆனால் படி ஏறும் சக்தியைத் தந்தது ஒத்தடமல்ல. கதிரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மனதுக்குள் பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கும் பயிற்சியும், இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்ததுமே தந்தன. ஒரு கிலோ நிறை குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் மேலுள்ள பாரம் நான்கு கிலோ குறைகிறதாம். இரண்டுக்கும் செலவில்லை. ஆனால் இதை மண்டபத்தில் சொன்னால் யாருக்கும் கேட்க விருப்பமில்லை. என்ன எண்ணெய் என்றே கேட்கிறார்கள்.

வாதம் ஒன்றல்ல

இனி எல்லையைப் பற்றி. எங்கள் பேச்சில் வலியெல்லாம் ‘வாதம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. சித்தர்கள் அப்படிச் சொல்லவில்லை. யூகி முனிவரின் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பது வகையாகப் பிரிக்கிறது. எண்பதாகப் பிரித்தவர்கள் எண்பதுக்கும் ஒரே எண்ணெயைச் சொல்லியிருப்பார்களா? கைவைத்தியத்தில் நாம் விடும் பெரிய பிழை இதுதான். மருந்தை நினைவில் வைத்திருக்கிறோம். எந்த நோய்க்கு என்பதை மறந்துவிட்டோம்.

வயதாலும் பாரத்தாலும் வரும் தேய்வு ஒன்று. காலையில் எழுந்தவுடன் பிடிப்பு இருக்கும். அரை மணிக்குள் விட்டுவிடும். நடந்தால் வலிக்கும், இருந்தால் ஆறும். மேற்சொன்ன கைவைத்தியங்கள் பெரும்பாலும் இதற்கே உதவுவன. இரவோடு இரவாகக் கால் பெருவிரல் அடியில் சிவந்து, போர்வை பட்டாலும் தாங்க முடியாத வலி வந்தால் அது யூரிக் அமிலத்தால் இருக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது. இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது சிக்குன்குனியா. நுளம்பால் வரும் இக்காய்ச்சலின் பெயர் ஆபிரிக்க மொழியொன்றில் ‘வளைந்து போவது’ என்ற பொருளுடையது. 1952 இல் தான்சானியாப் பகுதியில் முதலில் அறியப்பட்டது. இலங்கையில் 2006–2007 காலத்தில் பரவியபோது இளைஞர்கள்கூடக் கிழவரைப்போல் சுவரைப் பிடித்து நடந்ததைக் கண்டோம். 2024 இறுதியிலும் 2025 இலும் அது மீண்டும் வந்தது. இதற்கென்று தனி மருந்து இல்லை. மூட்டு வலி பல மாதங்கள் நீடிக்கலாம். அம்மாதங்களில் நொச்சித் தண்ணீரும் ஒத்தடமும் பெரிய ஆறுதல். ஆனால் காய்ச்சல் இருக்கும் நாட்களில் அது டெங்குவா சிக்குன்குனியாவா என்று வீட்டில் சொல்ல முடியாது. டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், டைக்குளோபினாக் போன்ற குளிசைகள் இரத்தப் பெருக்கை உண்டாக்கும். உரிய அளவில் பரசிட்டமோல் மட்டும் எடுத்து, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நான்காவது, நான் விரிவாகச் சொல்ல வேண்டியது.

எனது அக்கா

எனது மூத்த சகோதரி முப்பது வருடங்களுக்கு மேல் இவ்வாலயத்திற்குப் பூமாலை கட்டிக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, வாழை நாரில் அவர் தொடுக்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு காட்சி. ஐம்பத்தெட்டாவது வயதில் அவருடைய இரண்டு கை விரல்களின் நடுக் கணுக்களும் மணிக்கட்டுகளும் ஒரே காலத்தில் வீங்கின. “தம்பி, விடிய எழும்பினா பத்து மணி வரைக்கும் விரல் மடங்குதில்ல” என்றார். மழைக்காலம், பனிக்காற்று என்று நாங்கள் காரணம் கண்டுபிடித்தோம். எண்ணெய் தேய்த்தோம். ஒத்தடம் கொடுத்தோம். பேதிக்கும் கொடுத்தோம். ஓராண்டு இப்படிப் போயிற்று. சில வாரங்கள் குறைந்தது போலிருக்கும். பின்னர் முன்னிலும் கூடும்.

அப்போது ஒருவர் சொன்னார் என்று, ஒரு வியாபாரியிடம் நான் பொடியொன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தவன் நானே. முற்றிலும் மூலிகை, பக்க விளைவே இல்லை என்றார் அவர். மூன்றாம் நாள் அக்காவின் விரல்கள் மடங்கின. ஐந்தாம் நாள் மாலை தொடுத்தார். அம்பாளின் கருணை என்று வீட்டிலுள்ள எல்லோரும் அழுதோம். ஏழெட்டு மாதம் விடாமல் வாங்கிக் கொடுத்தேன். அக்காவின் முகம் உருண்டு பருத்தது. உடம்பு பிடித்திருக்கிறது என்று மகிழ்ந்தோம். பின்பு சீனி கூடியது. ஒரு முறை வியாபாரியைக் காண முடியாமல் பொடி இரண்டு வாரம் தடைப்பட்டபோது அக்கா எழுந்து நிற்க முடியாமல் மயங்கி விழுந்தார். அப்போதுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே முகத்தைப் பார்த்த டொக்டர் கேட்ட முதற் கேள்வி, “அம்மா, என்ன பொடி சாப்பிட்டீர்கள்?” என்பதே.

அப்பொடியில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும் என்பது டொக்டரின் கருத்து. பரிசோதித்துப் பார்க்க எங்களிடம் மிச்சமிருக்கவில்லை. ஆனால் இத்தகைய கலப்படம் உலகெங்கும் நடப்பது. 2022 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூட்டு வலிக்கான இயற்கைத் தயாரிப்பு என்று விற்கப்பட்ட ‘ஆர்ட்ரி கிங்’ என்ற பொருளில் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீரொயிட்டும் டைக்குளோபினாக்கும் லேபிளில் குறிப்பிடாமல் கலந்திருப்பதைக் கண்டு எச்சரிக்கை விடுத்தது. ஸ்டீரொயிட் விஷமல்ல. டொக்டர்களே சில வேளை அளவறிந்து கொடுப்பார்கள். தெரியாமல் மாதக்கணக்கில் உண்பதிலும் திடீரென நிறுத்துவதிலுமே ஆபத்து இருக்கிறது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிடுகிறது. வெளியிலிருந்து வருவதும் நின்றால் ஆள் சரிந்துவிடுகிறார். ஆகவே யாராவது அத்தகைய பொடியை ஏற்கெனவே நெடுநாள் உண்டு வந்தால், இதை வாசித்துவிட்டு இன்றைக்கே எறிந்துவிட வேண்டாம். பொடியையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

அக்காவுக்கு வந்தது முடக்குவாதம் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஆங்கில வைத்தியத்தில் ருமற்றொயிட் என்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் இது. தேய்வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை டொக்டர் எளிமையாகச் சொன்னார். காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தல், இரு கைகளிலும் ஒரே மாதிரி சிறு மூட்டுகள் வீங்குதல், அசதி, பசியின்மை, இவை ஆறு வாரத்தைத் தாண்டுதல். இந்நோய்க்கு முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். கரைந்த எலும்பை எந்த மருந்தாலும் திரும்ப வளர்க்க முடியாது. நாங்கள் எண்ணெயிலும் பொடியிலும் கழித்தது அந்த மாதங்களைத்தான்.

இப்போது மெதோட்ரெக்சேற் குளிசையால் வீக்கம் அடங்கியிருக்கிறது. இக்குளிசை வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுப்பது. மறந்துபோய் நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் பூசை நாளான வெள்ளிக்கிழமை என்று குறித்து, நாட்காட்டியில் நானே அடையாளம் இடுகிறேன். விரல்கள் கோணியது கோணியதுதான். அக்காவால் இன்று மாலை தொடுக்க முடியாது. பூக்களைத் தரம் பிரித்துத் தட்டில் அடுக்கித் தருகிறார்; மருமகள் தொடுக்கிறாள்.

இதைச் சொன்னதால் ஆங்கில மருந்தே சிறந்தது என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். பாமசியில் துண்டு இல்லாமல் வலிக்குளிசை வாங்கி வருடக்கணக்கில் விழுங்கி, வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் பழுதும் தேடிக்கொண்டவர்களும் எம்மூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒத்தடமே மேலாக இருந்திருக்கும்.

போத்தலில் இருப்பதும் சிறுநீரகமும்

‘மூலிகைதானே, கெடுதல் செய்யாது’ என்ற சொல்லை நாம் கைவிட வேண்டும். 2015 இல் கண்டி வைத்தியர்களே எழுதி வெளியிட்ட ஒரு குறிப்பு இதற்குப் போதும். காமரங்காய் உட்கொண்டதால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இரு நோயாளரைப் பற்றியது அது. ஒருவருக்குத் திடீரெனவும், மற்றவருக்கு நீண்டகாலம் உண்டதால் மெல்ல மெல்லவும் பாதிப்பு வந்தது. காமரங்காய் எங்கள் வீட்டு முற்றத்து மரம்; பிள்ளைகள் உப்புத் தொட்டுத் தின்பது. சாறாகப் பிழிந்து மருந்தாகக் குடிக்கும்போது அதிலுள்ள ஒட்சலேற் சிறுநீரகத்தில் படிகிறது. பிலிம்பிக்காய்ச் சாற்றாலும் கேரளத்தில் இவ்வாறு நேர்ந்திருக்கிறது. நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்களின் சிறுநீரகம் முன்னரே களைத்திருக்கும் என்பதால் அவர்கள் எந்தச் சாற்றையும் நாள்தோறும் குடிக்கத் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய தென்னாசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70 இல் 14 இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. எம் வைத்திய முறைகளில் உலோகங்களை முறைப்படி பற்பமாக்கிக் கொடுப்பது உண்டு. அதை அறிந்தவர் கொடுப்பது வேறு, பெயரில்லாப் போத்தலில் வருவது வேறு.

பூசும் தைலத்திலும் கவனம் தேவை. நுவரெலியாப் பக்கம் போய்வருபவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் எண்ணெயைத் தேய்த்தால் மூட்டு சூடேறி இதமாகும். ஆனால் அது அஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் எண்ணெய், ஏழு கிராம் அஸ்பிரினுக்குச் சமம். ஏறக்குறைய இருபது குளிசை. சிறு பிள்ளை ஒரு மிடறு குடித்தால் உயிர் போகலாம். சுவாமி விளக்குக்கு எண்ணெய் வைக்கும் தட்டில் இதையும் வைப்பவர்கள் இடத்தை மாற்றுங்கள். இதய வால்வு மாற்றி வோபரின் குளிசை எடுப்பவர்கள் இந்த எண்ணெயைத் தாராளமாகப் பூசுவதும், மஞ்சள், இஞ்சி, உள்ளிச் சத்துகளைக் குளிசையாக விழுங்குவதும் இரத்தப் பெருக்கைக் கூட்டும். கறியில் போடும் அளவு பற்றிப் பயம் வேண்டாம்.

வால்வு என்றதும் பிள்ளைகளின் நினைவு வருகிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தொண்டை நோ வந்து இரண்டு மூன்று வாரங்களின் பின் காய்ச்சலும், இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று இடம் மாறும் வீக்கமும் வந்தால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி தானாகவே போய்விடும்; எண்ணெய் பலித்தது என்று நாம் நினைப்போம். நோய் இதய வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போயிருக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசி அது மீண்டும் வராமல் தடுக்கும். வளரும் பிள்ளைக்கு வரும் நோ என்று விட்டுவிடாதீர்கள். அதேபோல் யாருக்கேனும் ஒரே மூட்டு மட்டும் சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவு ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக் காலையில் போகலாம் என்று வைக்கக் கூடாது.

சுதேச வைத்தியத்தையே விரும்புவோருக்கு வழியில்லாமலில்லை. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பல்லேகலையில் மாகாண ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை வெதமாத்தயாக்களின் கைத்திறனையும் நான் மதிக்கிறேன். எவரிடம் போனாலும், ஏற்கெனவே எடுக்கும் குளிசை, குடிக்கும் கஷாயம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஏசுவார்கள் என்று மறைப்பவர்களே அதிகம். அக்காவும் முதலில் அந்த டொக்டரிடம் பொடி சாப்பிடவில்லை என்றுதான் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக.

ஆலய வளவில் மடப்பள்ளிக்குப் பின்புறம் நிற்கும் நொச்சி இவ்வருடம் நன்றாகத் தழைத்திருக்கிறது. தேவைப்படும் அடியார்கள் பூசை முடிந்தபின் பறித்துக்கொள்ளலாம். முற்றிய இலையாகப் பார்த்துப் பறியுங்கள். கொப்பை முறிக்க வேண்டாம். முடக்கொத்தான் விதை வேண்டியவர்கள் என்னிடம் கேட்டால் தருவேன்.